நந்தா தேவிக்குப் போன வழி

கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு பிடித்தது. ஏறக்குறைய அதே அளவு காலம் மனிதர்கள் நடந்தார்கள். அதன் பிறகு அரசு அடைத்துவிட்டது. ரிஷிகங்கா பள்ளத்தாக்கின் மலைப் பாதை யாருடையது என்ற கேள்வி மட்டும் இன்னும் அடைபடவில்லை.

பத்ரிநாத் யாத்திரை போய்வந்த தமிழர்களுக்கு ஜோஷிமட் தெரியாத ஊர் அல்ல. சங்கர மடமும் நரசிம்மர் கோயிலும் உள்ள இந்த ஊரைத்தான் ஆழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்களில் பலர் கொள்கிறார்கள். (2024-லிருந்து அரசு ஏடுகளில் இதன் பெயர் ஜோதிர்மட்.) இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. யாத்திரை பஸ்கள் அலக்நந்தாவைத் தொடர்ந்து பத்ரிநாத்துக்குப் போய்விடுகின்றன. மற்றொரு சாலை தௌலிகங்கா நதியை ஒட்டி, திபெத் எல்லையில் உள்ள நீத்தி பள்ளத்தாக்கை நோக்கி ஏறுகிறது. அதில் பெரும்பாலும் ராணுவ லாரிகளும் உள்ளூர் ஜீப்புகளும்தான். சுமார் 25 கிலோமீட்டர் போனால், ரேணி கிராமத்தைத் தாண்டி, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது லாதா. போட்டியா மக்களின் கிராமம். ஊர் நடுவே நந்தா தேவிக்குக் கோயில்.

கோயிலைத் தாண்டி ஒரு ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் ஏறுகிறது. கடைசிவரை போக முடிந்தால் எட்டு, பத்து நாளில் அது நந்தா தேவி சிகரத்தின் காலடியில் கொண்டுபோய் விடும். ஆனால் கடைசிவரை போக முடியாது. நந்தா தேவி தேசியப் பூங்காவின் உள்பகுதி 1980களின் தொடக்கத்திலிருந்து மூடிக் கிடக்கிறது.

அந்தப் பாதையின் கதையைப் புரிந்துகொள்ள மலையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நந்தா தேவியின் உயரம் 7,816 மீட்டர். இந்தியாவில் கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்த உயரம். முழுக்க இந்திய எல்லைக்குள் இருக்கும் சிகரங்களில் இதுதான் முதலிடம். ஆனால் அதன் பெருமை உயரத்தில் இல்லை, காவலில் இருக்கிறது. திரிசூல், துனாகிரி, சங்கபாங் என்று பெரிய சிகரங்கள் தோளோடு தோள் நின்று, 100 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒரு மதில் வளையத்தை உருவாக்கியிருக்கின்றன. வளையத்தின் நடுவே புல்வெளியும் பனியாறுகளும் சூழ, தனியாக நிற்கிறது நந்தா தேவி. மதிலில் ஒரே ஒரு வாய்க்கால்தான் உண்டு. உள்ளே உருகும் பனி அனைத்தையும் சேர்த்துக்கொண்டு ரிஷிகங்கா மேற்கே பாய்ந்து, மலையை அறுத்துக்கொண்டு வெளியேறி, ரேணியில் தௌலிகங்காவுடன் கலக்கிறது. அசுரர்களுக்குப் பயந்து ஓடிய ஏழு ரிஷிகள் கடைசியாகத் தஞ்சம் புகுந்த இடம் என்பதால் நதிக்கு அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள்.

வாய்க்கால் இருக்கிறதே, நதியோடு நடந்து உள்ளே போய்விடலாமே என்று தோன்றும். முடியாது. ரேணியில் நதி வெளியேறும் இடத்தில் இரு பக்கமும் செங்குத்துப் பாறை, கால் வைக்க இடமில்லை. ஆகவே உள்ளே போக வேண்டியவர்கள் நதியை விட்டுவிட்டு லாதாவில் மலை ஏறி, ஒரு முகட்டைக் கடந்து, பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் மேலேயிருந்து இறங்க வேண்டும். லாதாவிலிருந்து ஒரே மூச்சாக ஏறினால் லாதா கரக், சுமார் 3,700 மீட்டர். அங்கிருந்து 4,200 மீட்டருக்கும் மேலே உள்ள தராண்சிக்குப் பாறை விளிம்புகளில் தொற்றிக்கொண்டு போகும் தடம். தராண்சியைத் தாண்டி டிபுருகேட்டா என்ற சிறிய புல்வெளிக்கு இறக்கம். எங்கு பார்த்தாலும் செங்குத்தாக நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கில் நிம்மதியாகப் படுத்து உறங்கச் சமதளமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான் என்று அங்கே போன எல்லோரும் மகிழ்ச்சியோடு எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதுவரை உள்ள பாதையை யாரும் 'கண்டுபிடிக்க'வில்லை. கரக் என்ற சொல்லே சாட்சி: கர்வால் வழக்கில் அதற்கு மேய்ச்சல் பட்டி என்று அர்த்தம். லாதா, தோல்மா, ரேணி கிராமங்களின் இடையர்கள் கோடை தோறும் தங்கள் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் தராண்சிக்கும் டிபுருகேட்டாவுக்கும் ஓட்டிப் போவது வழக்கம். மலையேறுபவர்கள் வரைபடம் விரித்தபோது அந்தத் தடம் ஏற்கனவே தேய்ந்து கிடந்தது. டிபுருகேட்டாவுக்கு அப்பால்தான் ஆடும் போகாத இடம். பயண நூல்கள் பேசும் வீர வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

<b>மதிலைச் சுற்றிச் சுற்றி</b>

1883-ல் டபிள்யூ. டபிள்யூ. கிரஹாம் என்ற ஆங்கிலேயர் இரண்டு சுவிஸ் நாட்டவருடன் ரிஷிகங்கா வழியே நுழையப் பார்த்தார். பள்ளத்தாக்கு வழி விடவில்லை, கூலிகளும் ஓடிப்போனார்கள். டாக்டர் டாம் லாங்ஸ்டாஃப் 1905-ல் கிழக்குப் பக்கம் மதிலின் ஒரு இடுக்கு வரை ஏறி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். 1907-ல் மறுபடி வந்து வெளிவட்டத்துக்குள் நுழைந்தார். ஜூன் 12 அன்று 7,120 மீட்டர் உயரமுள்ள திரிசூல் சிகரத்தில் ஏறினார். மனிதன் ஏறிய முதல் 7,000 மீட்டர் சிகரம் அது. ஆனால் அவராலும் உள்வட்டத்துக்குள் போக முடியவில்லை. அல்மோராவில் டெபுடி கமிஷனராக இருந்த ஹியூ ரட்லெட்ஜ் திரும்பத் திரும்ப முயன்று 1932-ல் கைவிட்டார். நந்தா தேவியின் உள்வட்டத்தை அடைவது வடதுருவத்தை அடைவதை விடக் கடினம் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

1934-ல் வந்த இரண்டு ஆங்கிலேயர்களிடம் பணமோ, பெரிய படையோ இல்லை. எரிக் ஷிப்டன், எச். டபிள்யூ. டில்மன் இருவரும் கென்யாவில் தோட்டம் போட்டிருந்தபோது பழக்கமானவர்கள். சரக்குக் கப்பலில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்தப் பயணத்துக்கு இருவருக்கும் சேர்த்து ஆன மொத்தச் செலவு 300 பவுனுக்கும் குறைவு. அந்தக் காலத்து எவரெஸ்ட் பயணங்கள் நூற்றுக்கணக்கான கூலிகளோடு ஊர்வலம் போல நகர்ந்தன. இவர்களோடு கடைசிவரை போனது ஆங் தார்கே, பாசங், குசாங் என்ற மூன்று ஷெர்ப்பாக்கள் மட்டும்.

டிபுருகேட்டாவைத் தாண்டி நதியைக் கடந்து தென்கரைக்கு வந்தால் தியோடி. அதற்கு மேலே ரமணி. பாதையின் உயிர்நிலை ரமணிக்கு அப்பால் இருக்கிறது. கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில் நதி இரைகிறது. மேலே ஆயிரக்கணக்கான அடி பாறைச் சுவர். நடுவில் ஓடு வேய்ந்த கூரை போல வழுக்கிச் சரியும் பாறைப் பலகைகள், அவற்றின் விளிம்பில் அங்கங்கே புல் திட்டுகள். ஒரு திட்டு முடியும் இடத்தில் இன்னொரு திட்டு தொடங்கினால் பாதை உண்டு. இல்லாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். நாள் கணக்கில் மேலும் கீழுமாக, இரு கரையிலும் மாறி மாறித் தேடினார்கள். ஒவ்வொரு முறையும் இத்தோடு முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் ஒரு ஆள் நகரும் அளவுக்கு ஓர் இடுக்கு கிடைத்தது. சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்திருந்தாலும் மொத்த வழியும் பயனற்றுப் போயிருக்கும் என்பதை ஷிப்டன் தன் நூலில் வியந்து குறிப்பிடுகிறார். ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐந்து பேரும் உள்வட்டத்துக்குள் நுழைந்தார்கள். முன்னே விரிந்தது புல்வெளி. மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத பரல் என்னும் நீல ஆட்டு மந்தைகள்.

மழைக்காலத்துக்கு வெளியேறி, பத்ரிநாத் பக்கத்து மலைகளில் அலைந்துவிட்டு, ஆகஸ்டில் திரும்பவும் அதே வழியில் உள்ளே போனார்கள். வெளியேறியது மட்டும் தெற்கு மதிலைத் தாண்டி, சுந்தர்துங்கா பக்கம். வந்த வழியே திரும்புவது இருவருக்கும் பிடிக்காது.

இரண்டு வருஷம் கழித்து டில்மன் இதே பாதையில் பிரிட்டிஷ்-அமெரிக்கக் குழுவோடு வந்தார். வெள்ளம் பெருகிய ஓடையைக் கடக்க மாட்டோம் என்று தோட்டியால் கூலிகள் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மானா கிராமத்து ஆட்கள் சிலர்தான் நின்று சுமந்து கொடுத்தார்கள். 1936 ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் நோயல் ஓடலும் உச்சியை அடைந்தார்கள். 1924-ல் எவரெஸ்டில் மல்லோரியைக் கடைசியாகப் பார்த்தவர் இந்த ஓடல்தான். 1950-ல் அன்னபூர்ணா ஏறப்படும் வரை மனிதன் தொட்ட மிக உயர்ந்த சிகரம் நந்தா தேவிதான்.

அம்மன் சும்மா இருக்கவில்லை என்று மலைவாசிகள் சொன்னார்கள். அதே 29-ம் தேதி பிண்டார் நதி பெருக்கெடுத்து தராலி கிராமத்தில் சுமார் 40 பேரைக் கொண்டுபோனது. குழுவில் வந்த கிதார் என்ற ஷெர்ப்பா நோய்வாய்ப்பட்டு அடிவாரத்திலேயே இறந்திருந்தார். குமாவுன், கர்வால் மக்களுக்கு நந்தா என்பவள் வெறும் மலை அல்ல; கயிலாயத்துக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெண். அவளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் நந்தா ராஜ் ஜாத் யாத்திரை பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது மரபு. 2000-லும் 2014-லும் நடந்தது. அந்த யாத்திரை கூட ரூப்குண்டம் வழியாக மதிலுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. பக்தர்கள் தாண்டாத எல்லையைத்தான் மலையேறுபவர்கள் தாண்டினார்கள்.

<b>உளவு வேலையும் மாவு மூட்டையும்</b>

சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இரண்டு பேரை மலையில் பறிகொடுத்தார்கள். 1964-ல் நரீந்தர் குமார் தலைமையிலான இந்தியக் குழுவின் நவாங் கோம்புவும் தாவா நோர்புவும் உச்சியை அடைந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அதிலிருந்து நந்தா தேவியின் கதை வேறு பக்கம் திரும்பியது.

சீனாவின் சோதனைகளைக் கண்காணிக்க, புளுட்டோனியத்தின் வெப்பத்தில் இயங்கும் மின்கலத்தோடு கூடிய ஒரு கருவியை மலை மேல் நிறுவ அமெரிக்காவின் சி.ஐ.ஏ.யும் இந்திய உளவுத் துறையும் ரகசியமாகக் கைகோத்தன. எவரெஸ்ட் வெற்றிக் குழுவின் தலைவர் எம். எஸ். கோலியின் தலைமையில் 1965 அக்டோபரில் குழு ஏறியது. புயல் மறித்ததால் கருவியை மேலேயே ஒரு முகாமில் கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். மறு வசந்தத்தில் போய்ப் பார்த்தால், வைத்த இடத்தில் இல்லை. பனிச்சரிவு அடித்துப் போயிருக்க வேண்டும் என்பது முடிவு. இன்றுவரை கிடைக்கவில்லை. விஷயம் ஓர் அமெரிக்கப் பத்திரிகை வழியே 1978-ல் அம்பலமானபோது பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. விஞ்ஞானிகள் குழு ஒன்று ஆராய்ந்து, ஆபத்து இல்லை என்று சொன்னது. ரிஷிகங்காத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் முழு நிம்மதியைத் தந்ததாகச் சொல்ல முடியாது.

லாதாவாசிகளுக்கு 1960களில் இதைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. போட்டியாக்கள் தலைமுறை தலைமுறையாக திபெத்தோடு வியாபாரம் செய்தவர்கள். ஆடுகளின் முதுகில் தானியம் போகும். உப்பும் கம்பளியும் வரும். 1962 சீனப் போரோடு எல்லை அடைபட்டது. வியாபாரம் ஒரே ஆண்டில் செத்தது. மிஞ்சியது கொஞ்சம் நிலம், ஆடு, காட்டு மூலிகை.

ஆகவே 1974-ல் அரசு ரிஷிகங்கா வழியை வெளிநாட்டவருக்கு மறுபடி திறந்துவிட்டபோது அது ஒரு நல்ல காலமாகத் தெரிந்தது. ஆண்டுதோறும் குழுக்கள் வந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் டஜன் கணக்கில் சுமைகாரர்கள், வழிகாட்டிகள், சமையல்காரர்கள் வேண்டும். ஆடுகளுக்கும் வேலை கிடைத்தது: திபெத்துக்கு உப்பு மூட்டை சுமந்த அதே பாணியில், முதுகில் சிறு பைகளில் மாவைச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கின் விளிம்புகளில் வரிசையாகப் போயின. 1976-ல் வந்த அமெரிக்கக் குழுவில் 22 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். தந்தை வில்லி அன்சோல்ட் இளமையில் இந்த மலையைப் பார்த்து மயங்கி, மகளுக்கு நந்தா தேவி என்றே பெயர் வைத்திருந்தார். அவர் உச்சிக்குக் கொஞ்சம் கீழே கடைசி முகாமில் நோயுற்று, தந்தையின் கண்ணெதிரே இறந்தார். உடல் அந்த மலையிலேயே விடப்பட்டது. 1981-ல் ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால், ரேகா சர்மா மூவரும் ஏறினார்கள். உச்சியை அடைந்த முதல் பெண்கள் இவர்கள். ஹர்ஷ்வந்தி பிஷ்ட் 2021-ல் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் முதல் பெண் தலைவரானார்.

எட்டு ஆண்டு நல்ல காலத்துக்கு மலை விலை கொடுத்தது. சமையலுக்கும் குளிர் காயவும் பூர்ஜ மரங்களும் ஜூனிபர் புதர்களும் வெட்டப்பட்டன. இவை விரல் பருமன் வளரவே பல்லாண்டு பிடிக்கும் செடிகள். முகாம் இடங்களில் டின்களும் பாலிதீனும் குவிந்தன. கூட்டத்தோடு கள்ள வேட்டையும் உள்ளே வந்தது. கஸ்தூரி மானுக்கு வெளியே என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். 1977-ல் உள்ளே போய்வந்த இயற்கையியலாளர் லவ்குமார் காச்சர் போன்றவர்கள் எச்சரித்தார்கள். 1982-ல் 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு நந்தா தேவி தேசியப் பூங்கா ஆயிற்று. மலையேற்றம், மேய்ச்சல், மூலிகை சேகரிப்பு எல்லாவற்றுக்கும் ஒட்டுமொத்தமாகத் தடை வந்தது. 1988-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்ற தகுதியும், அதே ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடமும் கிடைத்தன.

குப்பையைச் சேர்த்தது யார், தண்டனை யாருக்கு என்று இங்கே நின்று கேட்கத்தான் வேண்டும். ரமணிக்கு அப்பால் இருந்த பாதை 1934-ல் பிறந்தது. அதை மூடியதில் மலையேறுபவர்கள் இழந்தது ஒரு சிகரம். அவர்களுக்கு இமயத்தில் வேறு சிகரங்கள் உண்டு. ஆனால் அதே உத்தரவு லாதாவுக்கும் டிபுருகேட்டாவுக்கும் இடையே இருந்த ஆட்டுத் தடத்தையும் சேர்த்து மூடியது. அதன் வயது யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடாகத் தெரிந்திருக்கும்.

<b>ரேணியின் கணக்கு</b>

லாதாவுக்கு இது கூடுதலாகக் கசந்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்து ரேணியில் 1974 மார்ச் 26 அன்று நடந்ததைப் பள்ளிப் புத்தகங்களே சொல்கின்றன. சுமார் 2,400 மரங்களை ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். ஊர் ஆண்கள் 1962-க்குப் பிறகு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இழப்பீடு தருவதாகச் சொல்லி அழைக்கப்பட்டு சமோலி போயிருந்தார்கள். கௌரா தேவியும் 27 பெண்களும் மரங்களை மறித்து நின்றார்கள். வெட்ட வந்தவர்கள் திரும்பினார்கள். சிப்கோ இயக்கத்தை உலகம் அறிந்தது அந்த நாளால்தான். காட்டைக் காப்பாற்றியதற்காக ஊரூராகப் புகழப்பட்ட மக்களே, பத்து வருஷத்துக்குள் அதே காட்டுக்குள் நுழைந்தால் குற்றவாளிகள் ஆனார்கள். விறகுக்கும் புல்லுக்கும் மூலிகைக்கும் வழியில்லை. பயிரை மேய வரும் பன்றியையும் கரடியையும் விரட்டவும் யோசிக்க வேண்டும். இளைஞர்கள் சமவெளிக்கு வேலை தேடிப் போனார்கள்.

தடையும் எல்லோருக்கும் ஒரே கனமாக இருக்கவில்லை. 1993-ல் 40 பேர் கொண்ட ராணுவக் குழு உள்ளே போனது. கோவை சலீம் அலி பறவையியல் மையம் உட்படப் பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் உடன் போனார்கள். சுமைகாரர்கள் மூலமும் ஹெலிகாப்டரிலுமாக 1,000 கிலோவுக்கும் அதிகமான பழைய குப்பையை வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல வேலைதான், கூடவே ஐந்து பேர் உச்சிக்கும் ஏறினார்கள். 2000-ல் சிறப்பு அனுமதியுடன் ஒரு பன்னாட்டுக் குழு பழைய பாதையில் உள்வட்டம் வரை நடந்தது. அதில் எரிக் ஷிப்டனின் மகன் ஜான் ஷிப்டன் இருந்தார். 1964-ன் நரீந்தர் குமாரும் இருந்தார்.

இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில், 1998-ல், லாதாவும் சுற்றுக் கிராமங்களும் பொறுமை இழந்தன. தடையை மீறிக் கூட்டமாகப் பூங்காவின் உள்பகுதிக்குள் புகுந்தார்கள். போராட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜப்டோ சீனோ'. பாய்ந்து பறி என்று அர்த்தம். ஒரு காலத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்தவர்கள் இந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை டில்லி அதிகாரிகள் கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கலாம்.

2000-ல் தனி மாநிலம் பிறந்ததும் பூங்காவைச் சுற்றுலாவுக்குத் திறக்கலாம் என்ற பேச்சு வந்தது. வெளியூர் சுற்றுலாக் கம்பெனிகள் கூடாரம் போட்டுச் சம்பாதிக்க, தாங்கள் மறுபடி மூட்டை தூக்க வேண்டியதுதானா என்று கிராமங்கள் கேட்டன. 2001 அக்டோபர் 14 அன்று லாதாவில் கூடி, பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் சூழல் சுற்றுலா பற்றி ஒரு பிரகடனம் நிறைவேற்றினார்கள். சுற்றுலா வந்தால் அது ஏகபோகமாக இருக்கக் கூடாது, உள்ளூர் மக்களுக்கு வேலையில் முன்னுரிமை வேண்டும், பெண்களுக்குச் சமபங்கு வேண்டும், காட்டுக்குக் கேடு வரக் கூடாது என்பது அதன் சாரம். எதிலும் மிகை இல்லை. உரிமை கேட்ட கையோடு கட்டுப்பாட்டையும் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள்.

2003-ல் பாதி வெற்றி கிடைத்தது. லாதாவிலிருந்து தராண்சி, டிபுருகேட்டா பக்கம் பூங்காவின் ஒரு சிறு பகுதியை அரசு திறந்தது. சிறு குழுக்கள், உள்ளூர் வழிகாட்டி, வனத்துறை அனுமதி, குறிப்பிட்ட பருவம் என்று நிபந்தனைகள். இடையர்களின் பழைய தடம்தான் திறந்திருக்கிறது. ஆனால் ஆடுகளுக்கு அல்ல. தியோடிக்கும் ரமணிக்கும் அப்பால் அடைப்பு தொடர்கிறது.

அடைத்ததால் பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1993-லும் 2003-லும் உள்ளே போன ஆய்வாளர்கள் மிதிபட்ட முகாம் நிலங்களில் செடிகள் திரும்பி வருவதைப் பதிவு செய்தார்கள். பரல் மந்தைகள் இருக்கின்றன, பனிச்சிறுத்தையும் இருக்கிறது. எண்பதுகளில் அடைக்காமல் விட்டிருந்தால் சர்சோன் பதல் புல்வெளி இன்று டீக்கடைகளும் கழுதை வரிசையுமாக இருந்திருக்கும் என்பதற்கு இமயத்தில் உதாரணங்கள் குறைவில்லை. லாதா மக்களும் சிகரத்தின் அடி வரை கேட்கவில்லை. அவர்கள் கேட்டது தங்கள் பங்கை.

இதற்கிடையே பள்ளத்தாக்கின் வாயிலில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. மேலே ஆடு மேய்க்கத் தடை. கீழே ரேணியில் நதியை மறித்து 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நீர்மின் நிலையம். பூங்காவின் எல்லைக்கோடு அந்த இடத்தைத் தொடவில்லை என்பதால் அதற்குத் தடை இல்லை. வெடி வைப்பதையும் நதியில் கழிவு கொட்டுவதையும் எதிர்த்து ரேணியிலிருந்து 2019-ல் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ரோண்டி சிகரத்தின் ஒரு பக்கம் பாறையும் பனிக்கட்டியுமாகப் பெயர்ந்து விழுந்தது. சுமார் 2.7 கோடி கன மீட்டர் என்று பின்னால் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ரோண்டி ஓடை வழியாக ரிஷிகங்காவுக்குள் இறங்கிய சகதி வெள்ளம், ரேணி மின் நிலையத்தைத் தடம் இல்லாமல் துடைத்தது. பாலத்தை அடித்துப் போனது. கீழே தபோவனத்தில் கட்டுமானத்தில் இருந்த 520 மெகாவாட் திட்டத்துக்குள் புகுந்து, சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 204 பேர். பெரும்பாலோர் பிழைக்க வந்த தொழிலாளிகள். பால் ஊற்றியது போல ஓடும் நதி தார் போலக் கறுத்து வந்ததைப் பார்த்த கிராமத்தார் முதலில் கேட்டது, 1965-ல் தொலைந்த கருவி வெடித்துவிட்டதா என்றுதான். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 56 வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

அந்த ஜூன் மழையில் ரேணி ஊரின் நிலமே சரியத் தொடங்கியது. மக்கள் இரவில் வீட்டை விட்டு மேட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். சாலையோரம் இருந்த கௌரா தேவியின் சிலையைக் கழற்றி ஜோஷிமட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டிலேயே வீடுகள் விரிசல் விட ஆரம்பித்தன.

2025-ல் நந்தா தேவியை மலையேறுபவர்களுக்கு மறுபடி திறப்பது பற்றிய யோசனை செய்திகளில் அடிபட்டது. திறந்தால் பழைய பாதை அப்படியே காத்திருக்காது. 1970களில் ரமணிப் பாறைகளில் கட்டிய கயிறுகளை நம்பிக் கால் வைக்க முடியாது. தியோடியில் மரத்தடிகளால் ஆன பாலத்தை வெள்ளம் கொண்டுபோனால் திரும்பப் போட வேண்டும். பாறைச் சரிவுகள் சில இடங்களில் புல் திட்டுகளையே பெயர்த்திருக்கும். ஷிப்டனைப் போல யாராவது மறுபடி தேடித்தான் ஆக வேண்டும். எந்த ஆணை வந்தாலும் முதலில் லாதா கரக்கில் கூடாரம் போட வேண்டும். அதற்கு வழி காட்டப் போகிறவர்கள் லாதாக்காரர்கள்தான். இப்போதைக்கு அனுமதிச் சீட்டோடு வருபவர்களை அவர்கள் தராண்சி வரை அழைத்துப் போகிறார்கள். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து நந்தா தேவி தெரியும். காலை பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடுவதால் விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள்.